வீடிழந்தவர் காட்டும் ஊர்

மார்கழி, தை மாதங்களில் அமராவதிபுதூரைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களில் அயலூர் முகங்கள் மிகுதியாகத் தென்படும். பெரிய வீடுகளைக் காண வருவோர் அவர்கள். அப்படியொரு பருவத்தில், தொலைவிலிருந்து வந்திருந்த குருநண்பர் ஒருவரை அழைத்துக்கொண்டு நானும் ஒரு வீட்டைக் காணச் சென்றேன். வழிகாட்டியாக வந்த இளைஞர் நன்றாகவே பேசினார். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒவ்வொரு பகுதியாகக் காட்டினார். ஆத்தங்குடித் தரை, இத்தாலிச் சலவைக்கல், பெல்ஜியத்துக் கண்ணாடி ஆகியவற்றின் கதையைச் சொன்னார். பிறகு ஒரு தூணைத் தட்டி, “இவையெல்லாம் பர்மாத் தேக்கு, கப்பலில் வந்தவை” என்றார். அனைவரும் அண்ணாந்து பார்த்தனர்.

வளவின் ஓரத்தில் கூட்டிக்கொண்டிருந்த முதிய அம்மா ஒருவர் என் அங்கியைக் கண்டு அருகில் வந்தார். தாழ்ந்த குரலில், “நானும் அங்கேருந்து கப்பல்ல வந்தவதான் சாமி” என்றார்.

காரைக்குடியின் பர்மா காலனியில் வாழ்பவர் அவர். 1965இல் எட்டு வயதுச் சிறுமியாகப் பெற்றோருடன் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தவர். எத்தனையோ ஆண்டுகளாக அந்த வளவைக் கூட்டிவருகிறார். தூண் எங்கிருந்து வந்தது என்பதை அறிய ஆயிரம் மைல் கடந்து வருகிறார்கள். அந்தத் தூணின் அடியில் நிற்கும் பெண் எங்கிருந்து வந்தார் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அன்று எழுந்த நாணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

தெருவை அறிந்தவர் யார்?

உலகின் சில நகரங்களில் அண்மைக் காலத்தில் ஒரு புதிய வழக்கம் தோன்றியிருக்கிறது. ஊரைச் சுற்றிக் காட்டும் பணியை, அந்த ஊரில் வீடில்லாமல் தெருவில் வாழ்ந்தவர்களிடமே ஒப்படைக்கும் வழக்கம் அது. இலண்டனில் 2010இல் இத்தகைய நகர நடைகள் தொடங்கின. செக் நாட்டின் பிராகு நகரில் 2012இலும், ஜெர்மனியின் பெர்லினிலும் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலும் 2013இலும் இவை தொடர்ந்தன. பாசலில் இதனை நடத்துவது, ஏழைகள் தெருவில் நின்று விற்கும் ‘சர்ப்ரைஸ்’ என்னும் இதழின் அமைப்பு. பெர்லினில் முதலில் வீடற்றோர் வழிகாட்டினர். பின்னர் சிரியா முதலிய நாடுகளிலிருந்து வந்த அகதிகளும் வழிகாட்டிகளாயினர்.

இத்தகைய வழிகாட்டி, அரண்மனை எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்பதோடு நிறுத்திக்கொள்வதில்லை. மழைக்கு ஒதுங்க இடம் தரும் வாயில் எது, இரவில் விரட்டப்படாமல் உறங்கக்கூடிய படிக்கட்டு எது, பசித்தவனுக்குக் கேள்வியின்றி உணவு தரும் கதவு எது என்பவற்றையும் காட்டுகிறார். ஒரு பூங்கா இருக்கையின் நடுவே ஏன் இரும்புக் கைப்பிடி வைத்திருக்கிறார்கள் என்று கேட்கிறார். உடன் வந்தவர் விழிக்கிறார். யாரும் படுத்துவிடக் கூடாது என்பதற்காக என்று விடை வருகிறது. நாள்தோறும் அப்பூங்காவைக் கடந்து அலுவலகம் செல்லும் உள்ளூர்வாசிக்கும் அது புதிய செய்திதான். வீடுள்ளவன் தெருவைக் கடக்கிறான். வீடற்றவன் அதில் வாழ்கிறான். ஆகவே ஊரை அறிந்தவன் அவனே.

நம் நாட்டிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. தெருச் சிறுவர்களைப் பற்றி மீரா நாயர் இயக்கிய ‘சலாம் பாம்பே’ திரைப்படம் வெளிவந்த 1988ஆம் ஆண்டில், அப்படத்தின் தொடர்பில் டில்லியில் சலாம் பாலக் அறக்கட்டளை தோன்றியது. வீட்டை விட்டு ஓடிவந்து புதுடில்லி இரயில் நிலையத்தில் வாழும் பிள்ளைகளுக்கு அது அடைக்கலம் தந்தது. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், அந்த இல்லங்களில் வளர்ந்த இளைஞர்களே இரயில் நிலையத்தையும் பஹார்கஞ்சின் சந்துகளையும் பயணிகளுக்குக் காட்டத் தொடங்கினர். ஓடிவந்த பிள்ளை முதலில் எங்கே உறங்குகிறான், கிடைத்த காசை ஏன் அன்றே செலவழித்துவிடுகிறான் என்பதைத் தாம் வாழ்ந்தவாறே கூறுகின்றனர். இரவில் பறிபோய்விடும் என்பதால்தான் அன்றே செலவழிக்கிறான்! சிக்கனம் பற்றி நாம் செய்யும் அறிவுரைகள் எல்லாம் பூட்டும் பெட்டியும் உள்ளவர்களுக்கே பொருந்தும் என்பது அப்போது விளங்குகிறது.

இவற்றுள் என் உள்ளத்தை மிகத் தொட்டது பெர்லின் அருங்காட்சியகங்களில் நடந்தது. 2015இன் இறுதியில், சிரியா, ஈராக் நாடுகளிலிருந்து அகதிகளாக வந்தவர்களை அங்கே வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்தனர். அம்முயற்சிக்கு ‘முல்தகா’ என்று பெயர்; சந்திக்கும் இடம் என்பது அந்த அரபுச் சொல்லின் பொருள். பழைய பாபிலோனின் இஷ்தார் வாயில் பெர்லினில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய அகழ்வாய்வாளர் ஈராக் மண்ணிலிருந்து எடுத்துச் சென்ற கற்களைக் கொண்டு நிறுவப்பட்டது அது. வாயிலுக்கு அங்கே பெரிய கூடம் கிடைத்தது. நூறு ஆண்டுகள் கழித்து அந்த மண்ணின் மக்கள் வந்தபோது முகாம் கிடைத்தது. அவர்களையே அழைத்து, ‘இவ்வாயிலைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள்’ என்று கேட்டார்களே, அதுதான் பெரிது. எங்கள் வளவில் தூணும் அந்த அம்மாவும் அருகருகே நின்ற காட்சி அப்போது என் நினைவுக்கு வந்தது.

நம் முன்னோர் கண்ட நெறி

இது மேலைநாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று கருத வேண்டா. தமிழில் இதற்கென்றே ஓர் இலக்கிய வகை உண்டு. ஆற்றுப்படை என்பது அதன் பெயர். ‘ஆறு’ என்றால் வழி. பரிசில் பெற்று வரும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கலைஞனைக் கண்டு, தான் நடந்த வழியைச் சொல்லி அனுப்புவது ஆற்றுப்படை. கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோர் இவ்வாறு ஒருவரை ஒருவர் ஆற்றுப்படுத்துவதைத் தொல்காப்பியம் இலக்கணமாகவே வகுத்திருக்கிறது. பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து பாட்டுகள், ஆற்றுப்படைகளே.

இவற்றில் வழிகாட்டுபவன் யார்? நிலமில்லாதவன், ஓரூரில் நில்லாது யாழைச் சுமந்து சுற்றத்தோடு அலைபவன். சிறுபாணாற்றுப்படையில் வரும் பாணன், தான் சேர்ந்த செல்வத்தை மட்டும் பேசுவதில்லை. தன் பழைய அடுக்களையைக் காட்டுகிறான். அங்கே கண் திறவாத குட்டிகளுக்குக் கொடுக்கப் பாலில்லாத நாய் கிடக்கிறது. அவன் மனைவி குப்பையில் முளைத்த கீரையைக் கொய்து, உப்பும் இல்லாமல் வேகவைத்து, பிறர் கண்டால் இழிவென்று நாணி வாயிலை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். இத்தனையும் சொன்ன பிறகே எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என்று வழியை விரிக்கிறான். பெரும்பாணாற்றுப்படையோ எயினர், ஆயர், உழவர், வலைஞர் குடியிருப்புகள் வழியாகக் காஞ்சிக்கு இட்டுச் செல்கிறது. எந்தக் குடியில் என்ன உணவு கிடைக்கும் என்பதைப் பசியை அறிந்தவன் சொல்வதால் அது துல்லியமாக அமைகிறது.

சிலப்பதிகாரத்திலும் இதனைக் காணலாம். செல்வம் இழந்த கோவலனும் கண்ணகியும் பொழுது புலருமுன் புகாரை விட்டு நீங்குகின்றனர். அவர்களுக்கு வழித்துணையாகிறவர் உடைமை துறந்த சமணத் துறவி கவுந்தியடிகள். மதுரைக்குரிய மூன்று வழிகளைச் சொல்பவரும் வழியில் எதிர்ப்பட்ட ஒரு பயணியே. மதுரையை அடைந்ததும், கண்ணகியைப் புறஞ்சேரியில் விட்டுவிட்டு, கோவலன் நகருக்குள் சென்று தெருத் தெருவாகச் சுற்றிப் பார்க்கிறான். பொன் கடை வீதி, அறுவை வீதி, கூல வீதி என அந்நகரை நமக்குக் காட்டும் கண்கள் வீடிழந்து வந்தவனின் கண்கள். அவ்வூரில் அவனுக்கு ஒரு திண்ணைகூட இல்லை. ‘ஊர்காண் காதை’ என்று இளங்கோவடிகள் அதற்குப் பெயரிட்டார். மறுநாள் அதே நகரம் அவனைக் கொன்றது. அயலானை விசாரிக்காமல் தண்டித்த ஊர் என்பதே அதன் மீது விழுந்த பழி.

செட்டிநாட்டிற்கும் இக்கதைக்கும் ஓர் உறவு இருக்கிறது. நகரத்தார் பெருமக்கள் காவிரிப்பூம்பட்டினத்தில் வாழ்ந்தவர்கள் என்றும், அங்கு நேர்ந்த கொடுமையால் ஊரை விட்டு நீங்கிப் பாண்டி நாட்டில் குடியேறியவர்கள் என்றும் அவர்களது மரபு கூறுகிறது. இளையாற்றங்குடி முதலாக ஒன்பது கோவில்களைச் சார்ந்து அவர்கள் வேரூன்றினர். அப்படியானால், இன்று பயணிகள் வியந்து காணும் இப்பெரிய வீடுகளே, ஒரு காலத்தில் இடம்பெயர்ந்தோம் என்ற நினைவை மறவாத மக்கள் கட்டியவை. வானளாவிய இந்த முகப்புகளுக்குப் பின்னே வீடிழந்த நினைவு ஒன்று உறங்கிக்கொண்டிருக்கிறது.

தேக்கு வந்த வழி

1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869இல் சூயசுக் கால்வாய் திறந்தது. பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை விரிந்தது. காட்டைத் திருத்தி வயலாக்கிய பர்மிய உழவனுக்கு முதல் தேவைப்பட்டது. அதனைக் கொடுத்தவர்கள் செட்டிநாட்டிலிருந்து சென்றவர்கள். ரங்கூனின் மொகல் தெருவில் கிட்டங்கிகள் எழுந்தன. பெட்டியடிப் பையனாகச் சென்றவர் அடுத்தாளாகி, மேலாளாகி ஊர் திரும்பினார். 1930ஐ ஒட்டி நடந்த வங்கித்தொழில் விசாரணையின்போது பர்மாவில் ஏறத்தாழ 1,650 நகரத்தார் நிறுவனங்கள் இருந்தன.

வட்டிக்கடை முதலாளிகளோடு கூலியாட்களும் சென்றனர். இராமநாதபுரத்துச் சீமை, தஞ்சை, தெலுங்கு நாடு, ஒரிசா ஆகிய பகுதிகளின் ஏழை மக்கள் கப்பலின் மேற்தளத்தில் நெருக்கியடித்துச் சென்று, ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை சுமந்தனர், நெல் ஆலைகளில் உழைத்தனர், ரிக்‌ஷா இழுத்தனர். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, 4,00,000 பேர் வாழ்ந்த ரங்கூனில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்.

அதே காலத்தில் உலகப் பொருளாதாரம் சரிந்தது. நெல் விலை வீழ்ந்தது. கடனைக் கட்ட முடியாத உழவரின் நிலங்கள் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த செட்டியார் நிலவுடைமை, 1938இல் நூற்றுக்கு இருபத்தைந்தாக உயர்ந்தது. இதனைச் சொல்வதில் நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை. கடன் கொடுத்தவரும் அந்த நிலத்தை விரும்பியிருக்க மாட்டார். அவருக்கு வேண்டியது பணம். எனினும் பர்மிய உழவன் தன் மண்ணிலேயே நிலமற்றவன் ஆனான் என்பது உண்மை. அவனது சினம் 1930இலும் 1938இலும் கலவரங்களாக வெடித்தது. முதலில் அடிபட்டவர்கள் துறைமுகக் கூலிகளே. தூணைத் தட்டிக் காட்டும்போது இந்த உழவனையும் கூலியையும் யார் நினைக்கிறார்கள்?

நடந்து வந்தவர்கள்

1941ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இரு நாள் முன், ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு வீசின. தெருவில் நின்று வேடிக்கை பார்த்தவர்களே மிகுதியாக மடிந்தனர். 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. பணமுள்ளோர் பலர் அதற்குள் கப்பலிலும் விமானத்திலும் இடம் பிடித்தனர். மற்றவர்கள் நடந்தனர். ஏறத்தாழ ஐந்து இலட்சம் இந்தியர் அந்நாட்டை விட்டு வெளியேறினர் என்று கணக்கிடுகின்றனர். அரக்கான் மலையைக் கடந்து சிட்டகாங் நோக்கி ஒரு வழி. தமு வழியாக மணிப்பூர் நோக்கி ஒரு வழி. ஹுக்காங் பள்ளத்தாக்கின் சேற்றைக் கடந்து அசாமுக்கு ஒரு வழி. பசியாலும் காலராவாலும் மலேரியாவாலும் பல்லாயிரவர் வழியிலேயே வீழ்ந்தனர். எத்தனை பேர் என்பதை எண்ண அங்கு யாரும் இல்லை. வசதியான வழி வெள்ளையருக்கு, கொடிய வழி கறுப்பருக்கு என்று பாகுபாடு காட்டப்பட்டதாக அன்றே குற்றச்சாட்டு எழுந்தது.

அந்த நடையைத் தமிழில் பதிவு செய்தவர் வெ. சாமிநாத சர்மா. ரங்கூனில் ‘ஜோதி’ இதழை நடத்தியவர். துணைவியாரோடு நடந்து தப்பி வந்தவர். ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ என்னும் அவரது நூல், நாம் இக்கட்டுரையில் பேசும் பொருளுக்கு மிகச் சிறந்த சான்று. மற்றொருவரையும் நம் மாவட்டத்தார் மறக்கலாகாது. சிங்கம்புணரியில் பிறந்து, இளமையில் இந்தோனேசியாவின் மெடான் நகருக்குப் பிழைக்கச் சென்று, போர் முடிந்த பின் திரும்பியவர் ப. சிங்காரம். 1972இல் வெளிவந்த அவரது ‘புயலிலே ஒரு தோணி’ புதினம், மெடான், பினாங்கு நகரங்களின் தெருக்களில் நம்மைக் கைபிடித்து அழைத்துச் செல்கிறது. அதை எழுதியவர் குடும்பமின்றி மதுரையில் ஒரு விடுதி அறையிலேயே பல பத்தாண்டுகள் வாழ்ந்து 1997இல் மறைந்தார். வீடில்லாத ஒருவரே நமக்கு அந்த ஊர்களைக் காட்டினார்.

போருக்குப் பின் பலர் மீண்டும் பர்மா சென்றனர். 1962இல் படைத்தலைவர் நீ வின் ஆட்சியைக் கைப்பற்றினார். வங்கிகளும் வணிக நிறுவனங்களும் கடைகளும் அரசுடைமையாயின. 1964 மே மாதம் ஐம்பது, நூறு கியாத்து நோட்டுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. தலைமுறையாய்ச் சேர்த்தது ஓரிரவில் தாளாயிற்று. இந்தியா அனுப்பிய கப்பல்களில் மக்கள் வந்திறங்கினர். நகை, பணம் கொண்டுவரக் கடுங்கட்டுப்பாடு இருந்தது. தமிழகத்திற்கு மட்டும் ஏறத்தாழ 1,44,000 பேர் வந்தனர். அரசு அவர்களைத் ‘தாயகம் திரும்பியோர்’ என்றது. அவர்களில் பலர் பிறந்ததே பர்மாவில். தாயகத்தை அவர்கள் முதன்முறையாகப் பார்த்தது சென்னைத் துறைமுகத்தில்தான்.

சிலர் இங்கு வாழ வழியின்றி, வந்த நாட்டுக்கே திரும்பிவிட எண்ணி மணிப்பூர் வரை சென்றனர். எல்லையில் தடுக்கப்பட்டு மோரே என்னும் ஊரில் தங்கினர். இன்றும் அங்கே தமிழ்க் குடும்பங்களும் தமிழர் கட்டிய கோவிலும் உண்டு. சென்னையில் 1969இல் கடற்கரை இரயில் நிலையத்தருகே பர்மா பஜார் தோன்றியது. அதன் அருகே அத்தோவும் மொய்ங்காவும் விற்கும் தள்ளுவண்டிகள் நின்றன. தமிழகத்தின் பல ஊர்களில் பர்மா காலனிகள் எழுந்தன. காரைக்குடியிலும் ஒன்று எழுந்தது. பர்மாவில் ஈட்டிய பொருளால் எழுந்த வீடுகள் ஒருபுறம். பர்மாவில் அனைத்தையும் இழந்தவர்களின் வீடுகள் மறுபுறம். ஒரே கதையின் இரு பக்கங்கள் ஒரே ஊர்ப்புறத்தில் இருக்கின்றன. பயணிகளின் வண்டி ஒரு பக்கத்தோடு திரும்பிவிடுகிறது.

ஓர் எச்சரிக்கை

இவ்விடத்தில் ஒரு தடை எழும். வறியவரின் வாழ்வைக் காட்சிப்பொருளாக்கலாமா? கேட்க வேண்டிய கேள்விதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் செல்வர்கள் கிழக்குப் பகுதிச் சேரிகளை இரவில் வேடிக்கை பார்க்கச் செல்வதைப் பொழுதுபோக்காகக் கொண்டிருந்தனர். இன்றும் சேரிக்குள் புகுந்து படமெடுத்துச் செல்லும் பயணங்கள் உண்டு. அங்கே ஏழை பார்க்கப்படுகிறான், பேசுவதில்லை.

வேறுபாடு எங்கே இருக்கிறது? சொல்பவன் அவனா, அவனைப் பற்றி வேறொருவரா? எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை முடிவு செய்வது யார்? கட்டணம் யார் கைக்குப் போகிறது? விரும்பாத கேள்விக்கு ‘இதைச் சொல்ல மாட்டேன்’ என்று மறுக்க அவனுக்கு இடமுண்டா? இந்நான்கும் சரியாக இருந்தால் அது வழிகாட்டல். இல்லையேல் அது வேடிக்கை. டில்லி நடையின்போது தெருப் பிள்ளைகளைப் படமெடுக்கக் கூடாது என்று விதித்திருக்கிறார்கள். இத்தகைய ஒரு விதியிலேயே அம்முயற்சியின் மனம் தெரிந்துவிடுகிறது.

நானே செய்த பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆண்டுகள் சிலவற்றுக்கு முன், வேறொரு பங்கில் பணியாற்றியபோது, விழா ஒன்றில் அகதி முகாமைச் சேர்ந்த ஒருவரை மேடையேற்றி, ‘பட்ட துன்பங்களைச் சொல்லுங்கள்’ என்றேன். அவர் சிறிது நேரம் நின்றார். பிறகு, “எங்கட ஊர்க் கடலைப் பற்றிச் சொல்லட்டே ஃபாதர்?” என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை, துன்பத்தையே மீண்டும் கேட்டேன். அவர் இரண்டு வாக்கியம் சொல்லி இறங்கிவிட்டார். இன்று நினைக்கிறேன்: அவர் எனக்கு ஓர் ஊரைக் காட்ட வந்தார், நான் அவரிடம் ஒரு காயத்தை மட்டுமே காட்டச் சொன்னேன்.

1983 ஜூலைக்குப் பின் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட ஈழத்தமிழர் கடல் கடந்து தமிழகம் வந்தனர். இன்றும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் வாழ்கின்றனர். நம் சிவகங்கை மாவட்டத்திலும் முகாம்கள் உண்டு. 2021இல் தமிழக அரசு அவற்றின் பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. பெயர் மாறியது நன்று. ஆயினும் முகாமில் பிறந்து, முகாமில் வளர்ந்து, முகாமிலேயே பிள்ளை பெற்றவர்கள் இன்னும் நம் ஊரின் விருந்தாளிகளாகவே கருதப்படுகின்றனர். இங்குள்ள கண்மாய்க்கரைகளும் சந்தைகளும் நம்மைப் போலவே அவர்களுக்கும் தெரியும். நாற்பது ஆண்டு நடந்த ஊர் அவர்களுடைய ஊர் ஆகாதா?

‘பங்கு’ என்பதன் பழம்பொருள்

குருமடத்தில் கிரேக்கம் பயின்றபோது ஒரு சொல் என்னை வியக்க வைத்தது. நாம் ‘பங்கு’ என்று வழங்குவதற்கு மேலை மொழிகளில் உள்ள சொல்லின் மூலம் ‘பரோய்க்கியா’ என்பது. அதன் நேர்ப்பொருள், சொந்தமில்லாத ஊரில் அயலாராய்த் தங்கியிருத்தல். தொடக்கத் திருச்சபையார் தம்மை இந்த மண்ணில் அயலார் எனக் கருதியதால் அப்பெயரைச் சூடினர். காலப்போக்கில் அச்சொல்லே எல்லை வகுத்த நிலப்பரப்பையும் உரிமையுள்ள உறுப்பினரையும் குறிப்பதாயிற்று. அயலாரைக் குறித்த சொல், அயலாரை வெளியே நிறுத்தும் சொல்லாக மாறியது வரலாற்றின் விந்தை.

எம்மாவு வழியில் சீடர் இருவர் நடந்தபோது உடன் வந்தவரை நோக்கி, எருசலேமில் தங்கியிருக்கும் அயலார் நீர் ஒருவரோ என்னும் கருத்தில் கிளயோப்பா வினவுகிறார். லூக்கா நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் அங்கே வருவதும் இச்சொல்லின் வினைவடிவமே. ஊர் தெரியாதவர் என்று அவர்கள் எண்ணிய அந்த அயலாரே வழிநெடுக அவர்களுக்கு விளக்கிச் சென்றார். வீட்டுக்குள் அழைக்கப்பட்ட விருந்தினர், அப்பத்தைப் பிட்டு, விருந்தளிப்பவர் ஆனார். வழிகாட்டுதலும் விருந்தோம்பலும் அங்கே கைமாறின. நாம் வீடற்றோருக்கும் அகதிகளுக்கும் உணவும் உடையும் தருகிறோம், அது நல்லதே. ஆயின் எப்போதும் நாமே கொடுப்பவர், அவர்களே பெறுபவர் என்ற நிலை நீடித்தால் அந்த உறவில் ஒரு குறை தங்கிவிடுகிறது. அவர்கள் முன்னே நடக்க, நாம் பின்னே நடக்கும் ஒரு நாள் வேண்டும்.

2014இல் செட்டிநாட்டின் ஊர்த்தொகுதிகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இந்தியா சேர்த்தது. எனவே, இனிப் பயணிகள் பெருகவே செய்வர். வழிகாட்டிகளும் வேண்டியிருப்பர். காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில், இடிக்கப்பட்ட வீடுகளின் கதவும் நிலையும் விலைக்கு நிற்கின்றன. அவற்றுக்கு வாங்குவோர் உண்டு. பர்மா காலனியின் முதியவர்களோ ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். நம் இளைஞர் இயக்கங்களும் பள்ளிகளும் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, அவர்களுள் விருப்பமுள்ள ஒருவரிடம், ‘எங்களுக்கு இவ்வூரைக் காட்டுங்கள்’ என்று கேட்டால் என்ன? உரிய ஊதியத்தோடும் மரியாதையோடும் கேட்க வேண்டும்.

நான் கேட்டேன். சில வாரங்கள் கழித்து அந்த அம்மாவை மீண்டும் கண்டு, “இந்த வீட்டை நீங்கள் காட்டுவதானால் எதைக் காட்டுவீர்கள்?” என்றேன். அவர் கூச்சத்தோடு சிரித்தார். பிறகு துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, வளவின் முதல் தூணருகே சென்று அதைத் தொட்டார்.

“தித்” என்றார். அடுத்த தூணுக்குப் போனார். “நித்.” அடுத்தது, “தௌன்.” அதற்கடுத்தது, “லே.”

“பர்மாப் பள்ளிக்கூடத்துல படிச்சது சாமி, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. பேசறதுக்கு இப்ப ஆள் இல்ல. அதனால கூட்டறப்ப தினம் இதுக கூட எண்ணிக்கிறது. இதுக்குந்தான் அந்தப் பாஷை தெரியுமே!”

நான் அவர் பின்னால் நடந்தேன். தூண்கள் முடியும்வரை அவர் எண்ணிக்கொண்டே சென்றார்.